ஸ்கைரிம்ல எந்த ஆயுதம் எடுக்கலாம்: அடி வாங்குறதைப் பார்த்து முடிவு பண்ணுங்க

ஸ்கைரிம்ங்கிற வீடியோ கேமைப் புதுசா ஆரம்பிக்கிற யாரைப் பார்த்தாலும் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான், எந்த ஆயுதத்துக்கு டேமேஜ் ஜாஸ்தின்னு. நானும் 2011ல கேம் வந்தப்ப அதை மட்டும்தான் பார்த்தேன், கையில கிடைச்சதுல பெரிய நம்பர் எதுவோ அதைத் தூக்கிட்டு ஓடுறது, செத்தா லோட் போடுறது. அப்புறம் ஏழெட்டு கேரக்டர் ஆடி முடிச்ச பிறகு எனக்கு நல்லா புரிஞ்சது என்னன்னா, கிட்டப் போய் சண்டை போடுற கேரக்டருக்கு ஸ்டைல் எடுக்கணும்னா முதல்ல யோசிக்க வேண்டியது எதிரி கையை ஓங்கும்போது நாம என்ன பண்ணப் போறோம்ங்கிறதைத்தான். கேடயத்தைத் தூக்குவீங்களா, ஒரு அடி பின்னால போவீங்களா, அவன் ஓங்கி முடிக்கிறதுக்குள்ள அவனை முடிச்சிடுவீங்களா, இல்ல அவன் கண்ணுலயே படாம இருப்பீங்களா? இந்த கேம்ல இருக்கிற நாலு முக்கியமான ஸ்டைலும் இந்த நாலு பதில்தான்.

டேமேஜ் நம்பரை ஏன் நம்பக் கூடாதுன்னு முதல்ல பார்த்துடுவோம். எல்லாமே இரும்புல செஞ்சதுன்னு வச்சுக்குங்க, கத்திக்கு அடிப்படை டேமேஜ் 4, வாளுக்கு 7, ஒத்தைக் கை கோடரிக்கு 8, மேஸ்ங்கிற கதாயுதத்துக்கு 9. ரெண்டு கையால பிடிக்கிறதுல பெரிய வாளுக்கு 15, பெரிய கோடரிக்கு 16, வார்ஹேமர்ங்கிற பெரிய சுத்தியலுக்கு 18. இதை மட்டும் பார்த்தா ஹேமர்தான் ராஜா. ஆனா மெனுல காட்டாத இன்னொரு நம்பர் இருக்கு, வீசுற வேகம். வாளோட வேகத்தை 1ன்னு வச்சா கத்தி 1.3, கோடரி 0.9, மேஸ் 0.8, பெரிய வாள் 0.75, பெரிய கோடரி 0.7, ஹேமர் 0.6. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, பெரிய வாளுக்கு 11.25 வருது, ஹேமருக்கு 10.8தான். வாள், ஒத்தைக் கை கோடரி, மேஸ் மூணும் 7, 7.2ன்னு கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது. அப்போ ஒரே வகைக்குள்ள டேமேஜை வச்சு தேர்ந்தெடுக்க பெருசா ஒண்ணும் இல்ல, ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவுல நீங்க எவ்வளவு நேரம் பாதுகாப்பில்லாம நிக்கிறீங்கங்கிறதுதான் நிஜமான வித்தியாசம்.

இதை எனக்குக் கத்துக்குடுத்தது ஒரு ஃப்ராஸ்ட் ட்ரால், பனி மலையில வர்ற ராட்சச மிருகம். ஐவர்ஸ்டெட் ஊர்ல இருந்து ஹை ஹ்ராத்கர்ங்கிற மலை மடத்துக்கு 7000 படி ஏறிப் போகும்போது பாதையில ஒண்ணு உக்காந்திருக்குமே, அதேதான். அப்ப நான் லெவல் எட்டோ ஒம்போதோ, ரெண்டு கையிலயும் வாள். ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினா சரசரன்னு வெட்டும், அதுவரைக்கும் பார்த்த கொள்ளைக்காரங்க எல்லாரும் அதுலயே போயிட்டாங்க, அதனால அப்படியே நேரா போய் மோதினேன். ட்ரால் மூணு தடவை கையை வீசுச்சு, என் ஹெல்த் காலி. லோட் பண்ணி மறுபடி போனேன், இந்தத் தடவை அதோட ஹெல்த்தைப் பாதி குறைச்சேன், மருந்து குடிக்க பின்னால வந்த கேப்புல அது பாட்டுக்கு ஹெல்த்தை ஏத்திக்கிச்சு, ட்ராலுக்கு ஹெல்த் தானா ஏறும். நாலாவது தடவைதான் பைக்குள்ள விக்கிறதுக்குன்னு சுமந்துக்கிட்டு இருந்த ஒரு சாதாரண இரும்புக் கேடயத்தை எடுத்து இடது கையில மாட்டினேன். அது பெரிய அடிக்கு கையைத் தூக்குறப்ப, கேடயத்தைப் பிடிச்சபடியே அட்டாக் பட்டனை ஒரு தட்டு, கேடயத்தாலயே இடிக்கிற பாஷ் ஆகி ட்ரால் அப்படியே தள்ளாடுது. ரெண்டு வெட்டு. மறுபடி கேடயம் மேல. சின்ன அடி வந்தா கேடயத்துல வாங்கிக்கிட்டேன், பெரிய அடி வந்தா பாஷ். அதே லெவல், அதே வாள்ல ஒண்ணு, டேமேஜ் பாதிதான், ஆனா செத்தது அது. அன்னைக்கு கேமை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பிளாக் ட்ரீயை, அதாவது தடுக்குற ஸ்கில்லோட திறமைப் பட்டியலைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனால முதல் தடவை ஆடுறவங்களுக்கு நான் சொல்றது வாளும் கேடயமும்தான். போரிங்னு நிறைய பேர் ஒதுக்கிடுறாங்க, அவங்கள்ல முக்கால்வாசி பேர் பாஷ் பண்ணவே பழகினதில்ல. கேடயம்னா சும்மா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது கிடையாது, எதிரியோட பவர் அட்டாக்கை, அதாவது அந்தப் பெரிய அடியை, வெட்டி விடுறதுக்குத்தான் அது. பிளாக் ஸ்கில் 30 வந்ததும் குயிக் ரிஃப்ளெக்சஸ்னு ஒரு பெர்க் (லெவல் ஏறும்போது வர்ற பாயிண்ட்டைப் போட்டு எடுக்கிற திறமை) கிடைக்கும், நீங்க பிளாக் பண்ணிக்கிட்டு இருக்கும்போது எதிரி பவர் அட்டாக் ஓங்கினா நேரமே மெதுவா ஆயிடும், கேம்லயே கொடுத்த காசுக்கு மேல வேலை செய்யுற பெர்க் இதுதான்னு நான் சொல்லுவேன். அதே 30ல டிஃப்ளெக்ட் ஆரோஸ் எடுத்தா கேடயத்துல படுற அம்பு ஒண்ணும் பண்ணாது. 50ல எலிமெண்டல் புரொடெக்ஷன், கேடயத்தால தடுக்குற நெருப்பு, பனி, மின்னல் டேமேஜ் எல்லாம் பாதியாகும், டிராகன் மூச்சு விடும்போது இந்தப் பெர்க் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம் நேர்ல பார்த்தாத்தான் தெரியும். கடைசியா 100ல ஷீல்டு சார்ஜ், கேடயத்தோட ஓடினா எதிரில நிக்கிறவங்க பெரும்பாலும் கவுந்து விழுந்துடுவாங்க. ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், பாஷுக்கு ஸ்டாமினா, அதாவது தெம்பு, போகும், அதனால ஓடி ஓடி சண்டைக்குள்ள நுழைஞ்சு ஸ்டாமினா பூஜ்யமா நின்னா கேடயம் இருந்தும் பாதி வேலைதான் நடக்கும். நடந்து போங்க.

அடுத்தது ரெண்டு கை ஆயுதம். இதுல நீங்க உயிர் பிழைக்கிறது தூரத்தாலயும் தள்ளாட வைக்கிறதாலயும். பெரிய வாள், பெரிய கோடரி, ஹேமர் மூணுக்கும் எட்டுற தூரம் 1.3, சாதா வாளுக்கு 1. கேக்க சின்னதா இருக்கும், ஆனா இந்த இடைவெளியை வச்சுத்தான் மொத்த ஸ்டைலும். எதிரி வாள் எட்டாத இடத்துல நில்லுங்க, அவன் ஓங்கிட்டு முன்னால வர்றப்ப ஒரு அடி பின்னால, அவன் வாள் காத்துல போன உடனே உள்ள வந்து பவர் அட்டாக், அவன் தள்ளாடுறப்ப இன்னொண்ணு, மறுபடி வெளிய. நின்ன இடத்துலயே நின்னு மாறி மாறி அடிச்சுக்கிட்டா ரெண்டு கை ஆயுதக்காரன்தான் முதல்ல சாவான், ஏன்னா நீங்க வீசுறதைவிட அவன் வேகமா வீசுவான். இந்த ஆயுதத்தாலயும் பிளாக் பண்ணலாம், கேடயம் அளவுக்கு தாங்காதுதான், ஆனா குயிக் ரிஃப்ளெக்சஸ் இதுக்கும் வேலை செய்யும், பெரிய வாள் எடுக்கிறவங்க முதல் பெர்க்கான ஷீல்டு வால்ல ஒண்ணு, குயிக் ரிஃப்ளெக்சஸ்ல ஒண்ணுன்னு ரெண்டு பெர்க் பிளாக் ட்ரீல போட்டு வைங்க, யாரும் சொல்ல மாட்டாங்க இதை.

ரெண்டு கை ஸ்கில் 70 வந்தா ஸ்வீப் வரும், பக்கவாட்டுல நகர்ந்துக்கிட்டே பவர் அட்டாக் போட்டா முன்னால நிக்கிற எல்லாருக்கும் விழும். கல்லறைக்குள்ள டிராகர்ங்கிற நடமாடுற பிணக் கூட்டம் சுத்திக்கிட்டா இதுக்கு ஈடே கிடையாது. லிடியா மாதிரி துணை யாரையாவது கூட்டிட்டுப் போறவங்க மட்டும் அவங்க எங்க நிக்கிறாங்கன்னு பார்த்து வீசுங்க, அவங்களுக்கும் விழும். இந்த ஸ்டைலுக்கு ஸ்டாமினாதான் மூச்சு. அதுக்கு ஒரு வழி இருக்கு, முட்டைகோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி நாலையும் சமையல் பானையில போட்டா வெஜிடபிள் சூப் வரும், 720 வினாடிக்கு வினாடிக்கு 1 ஸ்டாமினா ஏத்திக்கிட்டே இருக்கும். ஒண்ணுல என்ன ஆகப் போகுதுன்னு தோணும், ஆனா இந்த கேம்ல கொஞ்சூண்டு ஸ்டாமினா மிச்சம் இருந்தாலே பவர் அட்டாக் போட விடும், அப்போ சூப் வயித்துல இருக்கிற 12 நிமிஷமும் நீங்க பவர் அட்டாக் போட்டுக்கிட்டே இருக்கலாம். பெரிய பாஸ் கதவுக்கு முன்னால நின்னு ஒண்ணு குடிச்சிட்டு உள்ள போங்க.

வாளா கோடரியா மேஸா ஹேமராங்கிறது இதுக்கெல்லாம் அப்புறம் வர்ற சின்னக் கேள்வி. வாள் பெர்க் க்ரிட்டிகல் அடிக்கு வாய்ப்பு குடுக்கும், கோடரி பெர்க் ரத்தம் ஒழுக விடும், மேஸ் ஹேமர் பெர்க் எதிரியோட ஆர்மரைப் புறக்கணிக்கும், மூணாவது நிலையில 75 சதவீதம் வரைக்கும். எனக்கு மேஸ் பிடிக்கும், இரும்புச் சட்டை போட்ட ஆளுங்க மேல அது நல்லா இறங்கும். உங்களுக்கு எது பார்க்க அழகா இருக்கோ அதை எடுங்க, ஆனா ஒண்ணை எடுத்துட்டு அதுலயே நில்லுங்க, மூணு பெர்க்லயும் ஒவ்வொரு பாயிண்ட் போட்டு வச்சிருக்கிற கேரக்டர் எதுலயும் உருப்படாது.

இப்ப ரெண்டு கையிலயும் ஆயுதம், எல்லாரும் ஆசைப்படுறது, நானும் இன்னமும் ஆசைப்படுறதுதான். இதுல பிளாக் கிடையாது. கொஞ்சம்கூட கிடையாது, இடது பட்டனும் அட்டாக்தான். அப்போ உங்க பாதுகாப்பு என்னன்னா அவன் செத்துடணும், அவ்வளவுதான். ஒன் ஹேண்டட் ஸ்கில் 30ல டியூவல் ஃப்ளரி எடுத்தா ரெண்டு கை வீச்சும் 20 சதவீதம் வேகமாகும், 50ல ரெண்டாவது பாயிண்ட் போட்டா 35. 70ல டியூவல் சாவேஜ்ரி, ரெண்டு கை பவர் அட்டாக்குக்கு 50 சதவீதம் கூடுதல் டேமேஜ். இந்த மூணும் வந்த பிறகு இதைவிட வேகமா ஆளைக் காலி பண்ற ஸ்டைல் எனக்குத் தெரிஞ்சு கிட்டச் சண்டையில இல்ல. ஆனா வர்ற வரைக்கும், அதாவது முதல் 15, 20 லெவல், கரடி, ட்ரால், கொள்ளைக்காரத் தலைவன் கையில பெரிய ஹேமர், இவங்க எல்லாம் உங்களைக் கிழிச்சிடுவாங்க. அதனால எனக்கு சரியா வந்த வழியைச் சொல்றேன், முதல் 30 ஸ்கில் வரைக்கும் வாளும் கேடயமுமா ஆடுங்க, ரெண்டுக்கும் ஒரே ஒன் ஹேண்டட் ட்ரீதான், ஒத்தைக் கை டேமேஜைக் கூட்டுற ஆர்ம்ஸ்மேன் பெர்க் ரெண்டுக்கும் பொது, ஒரு பாயிண்ட்டும் வீணாகாது. ஃப்ளரி வந்ததும் கேடயத்தை எறியாதீங்க, ஃபேவரிட்ஸ்ல போட்டு வைங்க, பிசியில ஆடுறவங்க ஒரு நம்பர் கீக்கு மாத்தி வச்சிட்டா சண்டை நடுவுலயே மாட்டிக்கலாம்.

இந்த ஸ்டைல்காரங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது ஆர்மர். இந்த கேம்ல ஆர்மரால அதிகபட்சம் 80 சதவீதம் டேமேஜைத்தான் குறைக்க முடியும், தலை, உடம்பு, கை, கால் நாலும் போட்டிருந்தா ஸ்கிரீன்ல 567 காட்டும்போது அந்த எல்லை வந்துடும். அதுக்கு மேல ஏத்துறது வீண். கேடயம் வச்சிருக்கிறவனுக்கு அதோட ஆர்மரும் சேருது, தடுக்கவும் முடியுது, உங்களுக்கு ரெண்டும் இல்ல, அதனால ஸ்மித்திங்கை, அதாவது கொல்லர் வேலையை, நீங்கதான் முதல்ல ஏத்தணும். பட்டறையில வொர்க்பெஞ்ச்ல ஆர்மரை மெருகேத்துறது, சாணைக்கல்லுல வாளைத் தீட்டுறது, இதை ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பண்ணுங்க. லைட் ஆர்மர்லயும் அந்த எல்லையைத் தொடலாம், ஹெவிதான் வேணும்னு இல்ல, ஹெவி சீக்கிரம் தொடும்.

நாலாவது, கத்தி. டேமேஜ் 4தானேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஒளிஞ்சு போற ஸ்னீக் ஸ்கில் 50ல அசாசின்ஸ் பிளேடு எடுத்தா, கண்ணுல படாம கத்தியால குத்துற குத்துக்கு 15 மடங்கு டேமேஜ், டார்க் பிரதர்ஹுட்ங்கிற கொலைகாரக் கூட்டத்துல சேர்ந்தா கிடைக்கிற கையுறையைப் போட்டா அது 30 மடங்கு. இதுல நீங்க சண்டையே போடுறதில்ல, அதான் விஷயம். ஆனா மாட்டிக்கிட்டா கையில இருக்கிறது 4 டேமேஜ் கத்தி. பொறுமையா சுவரோரமா உக்காந்து காவல்காரன் திரும்புறவரைக்கும் காத்திருக்கிறது உங்களுக்குப் பிடிக்கும்னா இதைவிட சுகமான ஸ்டைல் கிடையாது, காத்திருக்க வராதுன்னா ஒரு மணி நேரத்துல கடுப்பாயிடும்.

வெறுங்கையால குத்துறதும் முடியும், ஆனா அதுக்குன்னு தனி ஸ்கில் ட்ரீ இல்ல. கஜீத் இனத்துக்கு நகத்தால டேமேஜ் கூடுதல், ஹெவி ஆர்மர் ட்ரீல ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஸ்டீல்னு ஒரு பெர்க் இருக்கு. ரெண்டாவது மூணாவது தடவை ஆடும்போது பார்த்துக்கலாம்.

இனத்தைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. ரெட்கார்டுக்கு ஒன் ஹேண்டட்ல 10 கூடுதலா ஆரம்பிக்கும், நார்டுக்கு டூ ஹேண்டட்ல 10, இதெல்லாம் முதல் சில மணி நேரத்துலயே கரைஞ்சு போற வித்தியாசம். கரையாம நிக்கிறது அவங்களோட சக்திதான். ஆர்க்கோட பெர்செர்க்கர் ரேஜ் ஒரு நாளைக்கு ஒரு தடவை 60 வினாடிக்கு நீங்க குடுக்குற டேமேஜை ரெண்டு மடங்காக்கி வாங்குறதைப் பாதியாக்கும், பிளாக் இல்லாத ரெண்டு வாள்காரனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்ல. ரெட்கார்டோட அட்ரினலின் ரஷ் அதே 60 வினாடிக்கு ஸ்டாமினா ஏறுறதை 10 மடங்காக்கும், அது பாஷ் பண்றவனுக்கும் பெரிய வாள்காரனுக்கும். ரிவர்வுட் போற வழியில மூணு கார்டியன் கல்லு வரும், அதுல வாரியர் கல்லைத் தொடுங்க, சண்டை ஸ்கில் எல்லாம் 20 சதவீதம் வேகமா ஏறும். லெவல் ஏறும்போது ஹெல்த்துக்கு ரெண்டு, ஸ்டாமினாவுக்கு ஒண்ணுங்கிற கணக்குல போங்க, மந்திரத்துக்கான மாஜிக்காவை விட்டுடுங்க. ட்ரெயினர்ன்னு பார்த்தா வைட்ரன் நகரத்துலயே எல்லாம் கிடைக்குது, ஒன் ஹேண்டட்டுக்கு ஆம்ரென், கம்பேனியன்ஸ்ங்கிற போர்வீரர் குழு வீட்டுல பிளாக்குக்கு ந்ஜாடா, டூ ஹேண்டட்டுக்கு வில்காஸ், ஒரு லெவலுக்கு 5 தடவை கத்துக்கலாம்.

டிஃபிகல்ட்டியும் உங்க தேர்வை மாத்தும். அடெப்ட்ல நீங்க குடுக்குறதும் வாங்குறதும் சமம், அதுல எந்த ஸ்டைலும் ஓடும். மாஸ்டர்ல நீங்க குடுக்குறது பாதி, வாங்குறது ரெண்டு மடங்கு. லெஜெண்டரில குடுக்குறது கால்வாசி, வாங்குறது மூணு மடங்கு. அவன் சாகுறதுக்குள்ள நாலு மடங்கு நேரம் ஆகுதுன்னா, 'சீக்கிரம் முடிச்சிடுவேன்'ங்கிறதை நம்பியிருக்கிற ரெண்டு வாள் ஸ்டைல் அங்க ஆரம்பத்துல நிக்காது. கேடயமோ கத்தியோ எடுத்துட்டுப் போங்க.

தப்பா எடுத்துட்டோமோன்னு பயப்படவும் வேண்டாம். ஒரு ஸ்கில் 100 வந்துட்டா அதை லெஜெண்டரி பண்ணலாம், ஸ்கில் 15க்கு இறங்கும், போட்ட பெர்க் எல்லாம் திரும்ப கைக்கு வந்துடும். டிராகன்பார்ன்ங்கிற டிஎல்சியோட (கூடுதல் பகுதி) முக்கியக் கதையை முடிச்சவங்களுக்கு இன்னும் சுலபம், ஒரு டிராகன் ஆன்மாவைக் குடுத்தா ஒரு ட்ரீயோட பெர்க் மொத்தமும் திரும்பி வரும், ஸ்கில் இறங்காது. அப்புறம் எந்த ஸ்டைல் எடுத்தாலும் பையில ஒரு வில்லும் கொஞ்சம் அம்பும் வைங்க, டிராகன் மேலயே சுத்திக்கிட்டு இருந்தா உங்க வாள் எட்டாது, அதைத் தரையிறக்குற டிராகன்ரெண்ட் கத்துக்கிற வரைக்கும் வேற வழியில்ல.

இப்ப எப்படி முடிவு பண்றதுன்னு வருவோம், படிச்சுப் புரிஞ்சுக்கிறதைவிட இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க. முதல்ல லெவல் ஏறினாலும் பெர்க் எதையும் செலவு பண்ணாதீங்க, சேர்த்து வைக்கலாம், எங்கயும் போகாது. ரிவர்வுட்ல ஆல்வார் பட்டறையில இரும்பு வாள் ரெண்டு, இரும்புக் கேடயம் ஒண்ணு, பெரிய இரும்பு வாள் ஒண்ணு, இரும்புக் கத்தி ஒண்ணு, எப்படியாவது வாங்கியோ அடிச்சோ தேத்துங்க. தீட்டாதீங்க, எதையும் மெருகேத்தாதீங்க, அப்பத்தான் சமமா இருக்கும். அங்கிருந்து மலை ஏறி பிளீக் ஃபால்ஸ் பேரோங்கிற பழைய கல்லறை வாசலுக்கு வந்தா வெளியவே மூணு கொள்ளைக்காரங்க நிப்பாங்க. அவங்க உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சேவ் போடுங்க, ஆட்டோ சேவை நம்பாம தனியா.

முதல்ல வாளும் கேடயமும். மூணு பேரையும் முடிச்சதும் உங்க ஹெல்த் எவ்வளவு மிச்சம், எத்தனை மருந்து குடிச்சீங்கன்னு பாருங்க, எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதைப் பார்க்காதீங்க. லோட். பெரிய வாள். லோட். ரெண்டு வாள். லோட் பண்ணி ஒரு தடவை இருட்டுன பிறகு கத்தியோட குனிஞ்சு போய் பாருங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை செய்யணும், ஒரு தடவைல அதிர்ஷ்டம் விளையாடும். இதுல ஒண்ணைக் கவனிங்க, ஒருத்தன் பவர் அட்டாக் ஓங்கும்போது உங்க விரல் யோசிக்காம எந்தப் பட்டனுக்குப் போகுது. பிளாக்குக்குப் போச்சுன்னா நீங்க கேடயக்காரர், பின்னால போற கீக்குப் போச்சுன்னா பெரிய வாள், அட்டாக்கையே இன்னும் வேகமா தட்டுனீங்கன்னா ரெண்டு வாள், சண்டை ஆரம்பிச்சதுமே ஐயோ பார்த்துட்டானேன்னு எரிச்சல் வந்தா கத்தி. எந்த ஓட்டத்துல ஹெல்த் அதிகமா மிஞ்சுச்சோ அதுவும் உங்க விரல் போன பட்டனும் ஒண்ணா இருந்தா, சேர்த்து வச்ச பெர்க்கைத் திறந்து அந்த ட்ரீயோட முதல் நட்சத்திரத்துல ஒண்ணை வச்சிட்டு, வாசல்ல கிடக்கிற மூணு பேர் பையையும் துழாவி மருந்தை எடுத்துக்கிட்டு கதவைத் திறந்து உள்ள போங்க.